மச்சானின் தூக்கமும் நண்டுக் கதையும்

போன ஞாயிறு ஜொகூரில் ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு மண்டபத்தில் தன்முனைப்புக் கருத்தரங்கு. தலைக்கு 80 வெள்ளி. தங்கச்சியின் நச்சரிப்பு தாங்காமல் நானும் மச்சானும் போனோம். கோட்டு மாட்டிய பேச்சாளர் பத்தே நிமிடத்தில் நண்டைப் பிடித்துவிட்டார். நீங்களும் நூறு முறை கேட்டிருப்பீர்கள்: தமிழ் நண்டுக் கூடைக்கு மூடியே வேண்டாம், ஒன்று ஏறினால் இன்னொன்று இழுத்துவிடும். மண்டபமே சிரித்தது. மச்சான் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கைகாட்டி, "முன்னேற்றம் வாசலுக்கு வந்தாலும் தூங்குகிறார் பாருங்கள், நமக்கு நாமேதான் எதிரி" என்றார் பேச்சாளர். கைத்தட்டல் வேறு.

மச்சான் அன்று காலைதான் சிங்கப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து ஜொகூர் பாலம் கடந்து வந்தவர். பகல் ஷிப்ட் என்றால் விடிகாலை 3:45க்கு எழுந்திருப்பார். பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மழைக்கோட்டோடு மோட்டாரில் கிளம்பினால் சிங்கப்பூர்க் கரையின் உட்லண்ட்ஸ் சேரும்வரை முன்னால் போகும் மோட்டார்களின் புகைதான் பசியாறல்.

1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். இந்தக் கரையில் மச்சான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர். அந்தக் கரையில் ஓவர்டைம் கேட்டால் மறுக்காத ஆள். ஒரு கிலோமீட்டருக்குள் அவர் மனசு மாறிவிடுகிறதா? அல்லது அங்கே ஒரு வெள்ளிக்கு இங்கே மூன்று வெள்ளிக்கு மேல் கிடைப்பதால் மாறுகிறதா? பேச்சாளர் ஐயா ஒரு நாள் மச்சானின் மோட்டாரில் பின்சீட்டில் ஏறி வரட்டும், வழியில் இருவரும் பேசிக்கொள்ளலாம்.

நண்டு பற்றியும் ஒரு வார்த்தை. குக்குப் கடலோரத்தில் நண்டு வாங்கியவர்களுக்குத் தெரியும், கொடுக்கைக் கயிற்றால் கட்டித்தான் விற்பார்கள். கட்டின நண்டு யார் காலை இழுக்கும்? ஐம்பதுகளில் ரப்பர் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது லயத்தைவிட்டுக் கிளம்பியவர்கள் எதிர்மறையாகச் சிந்தித்தா கிளம்பினார்கள்? குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கிய 1968 சட்டத்துக்குப் பிறகு, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் அந்த பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறியதும் மனத்தடையாலா? இவ்வளவுக்கும் நடுவில் 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். இந்த நண்டுகள் எந்தக் கூடை? பிலிப்பீன்ஸ்காரர்களும் இதே கதையைத் தங்களைப் பற்றிச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்கள் என்பது கூடுதல் தகவல்.

இந்த நண்டுக் கதையைத் தோட்டத்துத் துரை சொல்லியிருந்தால் நமக்குக் கோபம் வந்திருக்கும். நம் ஆளே சொன்னால் 80 வெள்ளி கொடுத்துக் கேட்கிறோம். விடிந்தால் வாட்சாப்பில் சூரியன் படத்தோடு "உன்னை மாற்று, உலகம் மாறும்" என்று வேறு வருகிறது. அனுப்புகிற பெரியப்பா, வீட்டுக் குழாய் ஒழுகி மூன்று மாதமாகியும் மாற்றவில்லை.

இடைவேளையில் மச்சான் கண்விழித்தார். "ஏதோ நண்டுன்னாரே மாப்ள, கிலோ என்ன விலையாம்?" என்றார். வாசலில் பேச்சாளரின் புத்தகம் 35 வெள்ளி. பிற்பகல் நிகழ்ச்சியின் தலைப்பு 'நேரத்தை வெல்வது எப்படி'. மச்சானுக்கு இரவு ஏழு மணிக்கு டூட்டி, ஆறுக்கே பாலத்தில் இருக்க வேண்டும். தே தாரிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் படுக்கப் போய்விட்டார்.