ஒதுங்கி நிற்பவரின் இடம்



தோற்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்ற நிலையில் ஆடப்படும் கால்பந்து ஆட்டம், தெருவையே ஓர் அறைக்குள் கூட்டிவிடும். தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து, கோல் விழுந்ததும் பக்கத்தில் இருப்பவர் யார் என்றுகூடப் பார்க்காமல் கட்டிப்பிடித்துக் கத்துவோம். காய்ச்சல் பரவும் நாளிலோ மருத்துவர்கள் இதற்கு நேரெதிராகச் சொல்கிறார்கள்: கூட்டத்தைத் தவிருங்கள், கொஞ்சம் தள்ளியே இருங்கள். இந்த இரண்டும் ஒரே வாரத்தில் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தால் மக்கள் என்ன செய்வார்கள்? 2009 ஏப்ரலில் மெக்சிகோ நகரம் அப்படி ஒரு வாரத்தைக் கடந்தது. அங்கே நடந்தவை நம் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் பொருந்தும் என்பதால் இந்த இதழில் அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

ஏப்ரல் 23, வியாழக்கிழமை இரவு. நாட்டின் சுகாதார அமைச்சர் தொலைக்காட்சியில் தோன்றி, மறுநாள் முதல் தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள மாநிலத்திலும் பள்ளிகள் இயங்காது என்று அறிவித்தார். பன்றிக் காய்ச்சல் என்று உலகம் பின்னர் அறிந்துகொண்ட எச்1என்1 ஃப்ளூ அப்போதுதான் அடையாளம் காணப்பட்டிருந்தது. ராணுவத்தினர் மெட்ரோ ரயில் நிலையங்களில் நின்று நீல நிற முகக்கவசங்களை வழங்கினார்கள். கன்னத்தில் முத்தமிட்டு வணக்கம் சொல்வது அந்த ஊர் வழக்கம். அது ஒரே நாளில் நின்றது. ஞாயிறு திருப்பலிகள் ரத்தாயின. திங்கட்கிழமை போதாக்குறைக்கு நிலம் வேறு குலுங்கியது. அலுவலகங்களிலிருந்து வெளியே ஓடிவந்த மக்கள் முகக்கவசத்தோடு நடுத்தெருவில் நின்றார்கள். அத்தனை கலவரத்திலும் பலர் தங்கள் முகக்கவசத்தில் மீசையும் உதடும் சிரிப்பும் வரைந்துகொண்டார்கள். பயந்திருக்கும் மக்கள் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை கால்பந்து நிற்கவில்லை. ரசிகர்களுக்குத்தான் கதவு அடைக்கப்பட்டது. பல்கலைக்கழக மைதானத்தில் பூமாஸ் அணியும் குவாதலஹாரா அணியும் ஆளில்லாத படிக்கட்டுகளுக்கு முன்னால் ஆடின. 1970, 1986 உலகக் கோப்பைகளின் இறுதி ஆட்டங்களைக் கண்ட ஆஸ்டெகா அரங்கமும் அன்று வெறிச்சோடிக் கிடந்தது. கால்பந்து என்றால் உயிரை விடும் ஒரு நாடு, தன் ஆட்டத்தை வீட்டுத் திரையில் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. பின்னர் கதவுகள் திறந்தன. மே மாதக் கடைசியில், பூமாஸ் அணி பச்சூக்காவை வென்று கோப்பையைத் தூக்கியது.

உள்நாட்டில் இப்படி முடிந்தது. வெளிநாட்டில் முடியவில்லை. தென் அமெரிக்காவின் மிகப் பெரிய கிளப் போட்டியான கோப்பா லிபர்ட்டடோரஸில், குவாதலஹாரா, சான் லூயிஸ் என்ற இரண்டு மெக்சிகோ அணிகள் நாக் அவுட் சுற்றுக்கு வந்திருந்தன. ஒன்று பிரேசிலின் சாவோ பாலோவையும் மற்றொன்று உருகுவேயின் நேசியோனாலையும் சந்திக்க வேண்டும். வழக்கப்படி இந்தச் சுற்றில் சொந்த ஊரில் ஓர் ஆட்டம், எதிரணி ஊரில் ஓர் ஆட்டம். ஆனால் மெக்சிகோவுக்கு வர யாரும் தயாராக இல்லை. ஆட்டங்களை வேறு நாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் போட்டியை நடத்தியவர்கள். கொலம்பியா மறுத்தது, சிலியும் மறுத்தது. கடைசியில், எதிரணியின் ஊரில் ஒரே ஓர் ஆட்டம் ஆடி முடிவு காணலாம் என்றார்கள். சொந்த மண்ணில் ஆடும் உரிமையைப் பறிக்கிறீர்கள் என்று கோபப்பட்டு மெக்சிகோ தன் இரு அணிகளையும் விலக்கிக்கொண்டது. பந்தைத் தொடாமலே சாவோ பாலோவும் நேசியோனாலும் காலிறுதிக்குப் போயின.

அந்த நாட்களில் காயம் களத்துக்குள்ளும் இருந்தது. சிலியில் நடந்த ஓர் ஆட்டத்தில் மெக்சிகோ அணி வீரர் ஒருவர், எதிரணி வீரரின் முகத்துக்கு நேரே இருமினார். தன்னை நோய் பிடித்தவன் என்று ஏசியதால்தான் அப்படிச் செய்ததாகச் சொன்னார். அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. அது சரியான தண்டனைதான். ஆனாலும் அந்த ஏச்சை நாம் மறக்கக் கூடாது. ஒரு நோய் எந்த ஊரில் முதலில் தெரிய வந்ததோ அந்த ஊர்க்காரர்களையெல்லாம் நோயாகவே பார்ப்பது மனிதர்களின் பழைய வழக்கம். நோய் பரவுவதை உலகுக்குச் சொல்லி, தன் பள்ளிகளையும் கடைகளையும் அடைத்த நாடு மெக்சிகோ. நியாயப்படி அதற்கு நன்றி கிடைத்திருக்க வேண்டும்.

நன்றி ஓராண்டு கழித்து வேறு வடிவில் வந்தது. நான் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கியதே அதற்காகத்தான். தென் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பும் மெக்சிகோவும் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2010ஆம் ஆண்டுப் போட்டியில் குவாதலஹாராவும் சான் லூயிஸும் குழுச் சுற்று ஆடத் தேவையில்லை. எந்த இடத்தில் விலகினார்களோ அதே நாக் அவுட் சுற்றில் நேராக வந்து சேர்ந்துகொள்ளலாம். சான் லூயிஸ் அந்தச் சுற்றோடு வெளியேறியது. குவாதலஹாராவோ ஒவ்வொரு அணியாக வென்று இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டது. 2010 ஆகஸ்ட் 10 அன்று, எச்1என்1 பெருந்தொற்று முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. மறுநாள், ஆகஸ்ட் 11 அன்று, குவாதலஹாரா தன் சொந்த ஊரில், தன் ரசிகர்கள் முன்னால், இறுதிப் போட்டியின் முதல் ஆட்டத்தில் இறங்கியது. கோப்பை கடைசியில் பிரேசிலின் இன்டர்நேசியோனாலுக்குப் போனது உண்மைதான். ஆனால் நோயால் இழந்த இடம் திரும்பக் கிடைத்தது.

ஒதுங்க வேண்டியவர் ஒதுங்குகிறார் என்றால், அவருடைய இடத்தைக் காத்து வைக்கும் பொறுப்பு மற்றவர்களுடையது. காய்ச்சல் காலத்தில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இடம் பறிபோய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் ஒதுங்க மாட்டார்கள். மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் வந்து நிற்பார்கள்.

2022 டிசம்பரில் கத்தாரில் இதையே வேறு விதமாகப் பார்த்தோம். உலகக் கோப்பை அரையிறுதி. பிரான்சும் மொராக்கோவும் மோதும் ஆட்டம். பிரான்ஸ் முகாமில் காய்ச்சலும் இருமலும் பரவியிருந்தன. காலிறுதியில் ஆடிய ராபியோவும் உபமெகானோவும் அன்று தொடக்கத்திலிருந்து ஆட முடியவில்லை. வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் ஆட்டம்! அவர்களுக்குப் பதில் இறங்கிய ஃபொஃபானாவும் கொனாட்டேவும் பொறுப்பாக ஆட, பிரான்ஸ் 2-0 என்று வென்றது. நான்கு நாள் கழித்து அர்ஜென்டினாவுக்கு எதிரான இறுதி ஆட்டம். உடல் தேறியிருந்த ராபியோ, உபமெகானோ இருவரையும் பயிற்சியாளர் தெஷாம் முதல் பதினொருவரில் சேர்த்தார். படுத்தவர் எழுந்து வந்தபோது அவர் இடம் அவருக்காகக் காத்திருந்தது.

நூறாண்டுக்கு முன்பும் இப்படி ஒன்று நடந்தது. தென் அமெரிக்க நாடுகளின் கால்பந்துப் போட்டி 1918இல் ரியோ டி ஜெனீரோவில் நடப்பதாக இருந்தது. அந்த ஆண்டு ஸ்பானிஷ் ஃப்ளூ கப்பலேறி வந்து ரியோவைத் தாக்கியது. அந்த ஒரு நகரத்தில் மட்டும் சுமார் 15,000 பேர் மாண்டார்கள். போட்டியை ஒத்திவைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளையும் கைவிடவில்லை. அந்த ஆண்டு தேர்வு வைக்காமலே அடுத்த வகுப்புக்கு அனுப்பினார்கள். 1919 மே மாதம் நான்கு நாடுகள் ரியோவில் கூடின. பிரேசிலும் உருகுவேயும் சமமாக நிற்க, மே 29 அன்று வெற்றியைத் தீர்மானிக்கும் தனி ஆட்டம் வைக்கப்பட்டது. 90 நிமிடத்தில் கோல் இல்லை. கூடுதல் அரைமணி நேரத்திலும் இல்லை. மீண்டும் ஓர் அரைமணி நேரம் ஆடினார்கள். அப்போது ஃபிரைடன்ரைக் அடித்த ஒரே கோலில் பிரேசில் வென்றது. சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வீடு துக்கம் காத்த நகரம் அன்று தெருவில் இறங்கிக் கொண்டாடியது. ஒத்திவைத்ததால் அந்த மகிழ்ச்சி குறைந்துபோகவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஃப்ளூ காய்ச்சல் உள்ளவரிடமிருந்து, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே கிருமி பரவத் தொடங்கிவிடும். முதல் மூன்று நாட்கள் அது மிகுதியாக இருக்கும்; பெரியவர்களிடம் ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கும், சின்னக் குழந்தைகளிடம் அதற்கு மேலும் நீடிக்கலாம். ஆட்டம் பார்க்கக் கூடும் அறை, ஜன்னல் சாத்தி, ஏசி போட்டு, எல்லோரும் தொண்டை கிழியக் கத்தும் அறை என்றால் அது கிருமிக்கு வசதியான இடம். மாத்திரை இல்லாமலே காய்ச்சல் விட்டு ஒரு முழு நாள் ஆகும்வரை வீட்டில் இருங்கள். கர்ப்பிணிகள், முதியவர்கள், சின்னக் குழந்தைகள், சர்க்கரை நோயோ இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். ஃப்ளூவுக்கான மருந்தைக் காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஃப்ளூ வைரஸைக் கொல்லாது. கடையில் நீங்களாகவே கேட்டு வாங்காதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை போடும் தடுப்பூசி பற்றியும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதெல்லாம் தெரிந்தவைதான் என்பீர்கள். தெரிந்தும் நாம் ஏன் காய்ச்சலோடு வெளியே போகிறோம்? இடம் போய்விடும் என்ற பயம்தான். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கிறோம். அந்தப் பரிசுக்காகவே காய்ச்சலோடு வகுப்புக்கு வரும் பிள்ளை, பக்கத்து பெஞ்சுக்கும் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறது. ஆசிரியர்களே, அந்தப் பரிசை நிறுத்திவிடுங்கள். உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு விட்ட பாடத்தை உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் தோழனுக்குப் பரிசு கொடுங்கள்.

வேலை இடத்தில் சிக்கல் இன்னும் பெரியது. ஈஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் உள்ளவருக்கு நோய்க்கால உதவியாக, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்க வழி இருக்கிறது. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கோ கட்டட வேலைக்குப் போகும் அண்ணனுக்கோ அந்த வழி பெரும்பாலும் இல்லை. காய்ச்சல் என்று அவர்கள் சொன்னால், "படுத்து ஓய்வெடுங்கள், சம்பளத்தில் பிடிக்க மாட்டோம், வேறு ஆளும் வைக்க மாட்டோம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவர்கள் குடும்பத்தையும் காக்கும், உங்கள் குடும்பத்தையும் காக்கும்.

பிள்ளைகளின் விளையாட்டிலும் இதே அணுகுமுறை வேண்டும். பள்ளிகளுக்கிடையிலான கால்பந்துப் போட்டியின் அரையிறுதி அன்று ஒரு பையனுக்குக் காய்ச்சல் என்றால், "ஒரு மாத்திரை போட்டுக்கிட்டு வாடா" என்று சொல்லும் பயிற்சியாளர் அவனை நேசிப்பதாக நினைக்கலாம். "நீ படு, உன் ஜெர்சி நம்பரை யாருக்கும் கொடுக்க மாட்டேன்" என்று சொல்பவரே உண்மையில் நேசிக்கிறார். அணி அன்று தோற்கக்கூடும். அந்தப் பையன் அடுத்த ஆண்டு முழு உடல் நலத்தோடு வந்து ஆடுவான்.

நாக் அவுட் ஆட்டம் நமக்குப் பிடித்திருப்பதே அதில் மறு வாய்ப்பு இல்லை என்பதால்தான். வாழ்க்கையில் மறு வாய்ப்பு உண்டு. அதை ஒருவருக்கொருவர் நாம்தான் கொடுத்துக்கொள்ள முடியும். இந்த மாதம் உங்கள் வகுப்பிலோ, அலுவலகத்திலோ, தெருவிலோ காய்ச்சலால் ஒதுங்கி இருக்கும் ஒருவருக்கு நீங்கள் எப்படி இடம் காத்து வைத்தீர்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றை வெளியிடுவோம். ஒருவர் செய்ததைப் படித்து இன்னொருவர் செய்வார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்