தோற்ற தீர்ப்பையும் படிப்போம்

பதினெட்டாம் கால்வாயில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று போடி, தேவாரம், பொட்டிபுரம் வட்டாரத்து விவசாயிகள் ஆண்டுதோறும் காத்திருக்கிறார்கள். அதற்கு வரும் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்குப் பெருங்குழாய்களில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. அந்த மின்சாரத்துக்குச் சென்னை மாகாணத்துக்கு உரிமையில்லை என்று 1941-இல் ஒரு நடுவர் தீர்ப்பு வந்ததை அறிந்தவர்கள் இங்கே குறைவு. அந்தத் தீர்ப்பை உரிய குறிப்புகளோடு தமிழில் வெளியிட வேண்டும். அதற்கென்றே தேனி அரசு சட்டக் கல்லூரி நடுவர் சட்டத்துக்கு ஓர் ஆய்விதழ் தொடங்க வேண்டும்.

முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூரும் சென்னை மாகாணமும் 1886-இல் செய்த நிலக் குத்தகை 999 ஆண்டுகளுக்கானது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 5 ரூபாய். தகராறு வந்தால் நடுவர்களிடம் போக வேண்டும், அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் மேல்நடுவர் முடிவு செய்வார் என்பது அதிலேயே எழுதப்பட்ட ஏற்பாடு. மின் உற்பத்திப் பிரச்சினையில் இருதரப்பு நடுவர்களும் ஒத்துப்போகவில்லை. மேல்நடுவராக வந்த கல்கத்தா உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி நளினி ரஞ்சன் சட்டர்ஜி, தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே என்று முடித்தார். அங்கே கிடைக்காத மின் உற்பத்தி உரிமை 1970 துணை ஒப்பந்தங்களில் விலை கொடுத்து வந்தது: வாடகை 30 ரூபாயாக ஏறியது, மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. அணையின் நீர்மட்டம் 142 அடியா, 152 அடியா என்று மேடைகளில் முழங்குவோர் இந்தக் கணக்கைத் தொடுவதே இல்லை.

நீதிமன்றத் தீர்ப்புகளைத் தொகுக்கச் சட்ட அறிக்கைகள் உண்டு. உள்நாட்டு நடுவர் தீர்ப்புகளுக்கு அப்படியொரு வழக்கமில்லை. ஆய்விதழ்கள் தேடியெடுத்தால்தான் உண்டு. கிஷன்கங்கா நீரை மின்சாரத்துக்குத் திருப்பலாமா என்ற இந்திய, பாகிஸ்தான் நடுவர் வழக்கில் 2013-இல் வந்த தீர்ப்பு வெளியிடப்பட்டு, பன்னாட்டுச் சட்ட உலகம் அதை வரிவரியாக அலசியது. அதே கேள்வியை எழுபது ஆண்டுக்கு முன்பே சந்தித்த பெரியாற்றுக்கு அந்தக் கவனம் கிடைக்க வேண்டாமா?

நடுவர் விசாரணை ரகசியமானது என்பார்கள். 1996 நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 42ஏ பிரிவும் அதைத்தான் சொல்கிறது. போடி ஏலக்காய் வியாபாரியும் வெளிநாட்டுக் கொள்முதல்காரரும் போடும் சண்டைக்கு அந்த மறைப்பு நியாயம். இரு அரசுகள் ஓர் ஆற்றுக்காக மோதியபோது வந்த, எண்பது ஆண்டு பழைய தீர்ப்புக்கு அது எதற்கு? இன்னொரு ஆட்சேபம் கனமானது: நாம் தோற்ற தீர்ப்பை நாமே கிளறினால் கேரளத்துக்கு ஆயுதம் கொடுத்ததாகாதா? கேரள வழக்கறிஞர்கள் அதை நம்மைவிட நன்றாகவே படித்திருப்பார்கள். 1886 குத்தகை சுதந்திரத்தோடு காலாவதியானது என்ற அவர்கள் வாதத்தை 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்கவில்லை. பத்திரம் செல்லும் என்றால், அதன் வரம்புகளும் நம்மைக் கட்டும். அந்த வரம்பு எங்கே என்பதை 1941 தீர்ப்பில்தான் பார்க்க முடியும்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் நீர்வளத் துறையிலும் உள்ள பெரியாற்றுக் கோப்புகளைப் பிரதி எடுக்க அரசு ஓர் ஆணை பிறப்பித்தால், முதல் இதழை மாணவர்களே கொண்டுவந்துவிடுவார்கள்.