அரசு பஸ் ஏறுகிற மலைக்கு நாலு சக்கர இழுவை எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கோபம் வந்தால் படித்து முடித்த பிறகு கோபப்படுங்கள்.

போன வாரம் மகன் என்னை வண்டி பார்க்கக் கூட்டிப் போனான். என் ஓய்வூதியப் பணத்திலிருந்து முன்பணம், மீதிக்கு அவன் பெயரில் கடன். அதனால் எனக்கும் மரியாதையாக அழைப்பு. மருமகள், மூன்று வயசுப் பேத்தி, நான், அவன்.

அவன் மனசு தார் மேல். மூன்று கதவு தார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. "அம்மா, பின்னாடி ஏறிப் பாருங்க" என்றான். பின்பக்கம் ஏறக் கதவு கிடையாது. முன் சீட்டை மடக்கி, அந்தச் சந்து வழியாக நுழைய வேண்டும். புடவை கட்டிக்கொண்டு, தேய்ந்துபோன முழங்காலோடு, விற்பனைப் பையன் ஒரு கையும் மருமகள் ஒரு கையும் பிடிக்க நான் ஏறினேன். இறங்கியதைச் சொல்ல வேண்டாம். மகன் சொன்னான்: "பழகிடும்மா."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவு.

எதற்கடா இந்த வண்டி என்று கேட்டால், "கொடைக்கானல் போகலாம், சிறுமலை போகலாம், எந்த ரோட்டுலயும் போகும்" என்கிறான். நான் நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள். வீட்டுக்கு வந்து ஒரு நோட்டை எடுத்து, ஒரு வருஷத்துக்கு இந்த வண்டி எங்கெல்லாம் போகும் என்று எழுதச் சொன்னேன். திண்டுக்கல், மதுரை, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு, கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, பேத்தியின் பள்ளிக்கூடம். பாதி ஓட்டம் நாலு வழிச்சாலையில். கொடைக்கானல் இரண்டு முறை. மண் ரோடு என்று எழுத அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் குலசாமி கோயிலுக்குப் போகிற அரை கிலோமீட்டர் வண்டிப்பாதையை எழுதினான். அதில் டி.வி.எஸ். ஃபிப்டி போகிறது.

கொடைக்கானலுக்கு இங்கிருந்து 80 கிலோமீட்டர், முழுக்கத் தார் ரோடு. சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. இரண்டுக்கும் அரசு பஸ் தினமும் ஏறி இறங்குகிறது. அந்த பஸ்ஸில் நாலு சக்கர இழுவையா இருக்கிறது?

இன்னொரு வேடிக்கை. 2023 ஜனவரியில் இதே தாரை, பின் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் இழுவை கொடுத்து, விலையைக் குறைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். மகன் பார்த்ததும் அதுதான். மலையேறும் முகம், இழுவை மட்டும் சாதாரண வண்டிக்கு உள்ளது. வாங்குகிறவர்களுக்கு வேண்டியது மலையா, முகமா?

ஜீப்பைப் பழிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். 80களின் கடைசியில் மலைக்கிராமப் பள்ளி ஒன்றில் வேலை பார்த்தவள் நான். வாராவாரம் சந்தை ஜீப்பில் வாழைத்தாருக்கும் மிளகு மூட்டைக்கும் நடுவில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பிரசவ வலி எடுத்த பெண்ணை ராத்திரியில் அந்த ஜீப்தான் கீழே இறக்கியது. இன்றைக்கும் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில்தான் மலையேறுகிறார்கள். தாண்டிக்குடி, பன்றிமலைப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவருக்கு அந்த வண்டி கை கால் மாதிரி. அவர் வாங்கட்டும். நம் வீட்டு வாசலிலிருந்து தேசிய நெடுஞ்சாலை கூப்பிடு தூரம்.

வண்டியின் கட்டுமானத்தையும் சொல்லிவிடுகிறேன். தார், ஜிம்னி, கூர்க்கா போன்றவற்றுக்கு அடியில் ஏணி மாதிரி இரும்புச் சட்டம், அதன் மேல் உடல். லாரிக்கும் அப்படித்தான். கரடுமுரடில் முறுக்கினாலும் தாங்கும். குடும்ப எஸ்.யூ.வி. பெரும்பாலானவற்றில் சட்டமும் உடலும் ஒன்றே, முட்டை ஓடு மாதிரி. எடை குறையும், உயரம் குறையும், வளைவில் ஆட்டம் குறையும். வைக்கோல் வண்டி வளைவில் எப்படிச் சாயும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அப்ப தார் பாதுகாப்பு இல்லையா?" என்று மகன் மடக்கினான். நியாயமாகவே பேசுவோம். 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் தார் 4 நட்சத்திரம் வாங்கியது. 2024-இல் வந்த ஐந்து கதவு ராக்ஸ், பாரத் என்கேப்பில் 5 நட்சத்திரம். நல்ல மதிப்பெண்தான். ஆனால் மோதலில் காப்பாற்றுவது நட்சத்திரம் மட்டுமில்லை, பெல்ட்டும்தான். 2022 செப்டம்பர் 4-இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலை உயர்ந்த வெளிநாட்டுக் காரின் பின் இருக்கையில். பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. மூன்று கதவு வண்டியில் பேத்தியைக் குழந்தை இருக்கையில் வைத்துக் கட்ட வேண்டுமென்றால், மருமகள் ஒவ்வொரு தடவையும் முன் கதவு வழியாகக் குனிந்து நுழைய வேண்டும். எத்தனை நாள் செய்வாள்? பத்தாம் நாள் பிள்ளை மடியில் இருக்கும். மலை ரோட்டில் பிள்ளைக்குக் குமட்டினால் பின் சன்னலை இறக்கவும் வழியில்லை.

குடும்ப வண்டி விற்கிறவர்களும் அரிச்சந்திரர்கள் இல்லை. "ஏழு பேர் போகலாம்" என்பார்கள். அந்தக் கடைசி வரிசையில் முழங்கால் தாடையைத் தொடும். ஏழு பேரும் ஏறினால் ஒரு பை வைக்க இடமிருக்காது. அந்த வரிசையில் யாரை உட்கார வைப்பார்கள்? வீட்டுப் பெரியவர்களைத்தான். அதனால் விளம்பரத்தைப் பார்த்து எதையும் வாங்காதீர்கள். வீட்டில் மூத்தவரைக் கூட்டிப்போய் மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். பின்னால் நடுவில் உட்காருபவருக்கும் தோளோடு வரும் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள்.

அன்றைக்குக் காரில் பேசாமல் வந்த மருமகளிடம் ராத்திரி கேட்டேன்: "உனக்கு எதும்மா பிடிச்சிருந்துச்சு?" அவள் சொன்னாள்: "என்கிட்ட யாரு அத்தை கேட்டா?"

மகனிடம் சொல்லிவிட்டேன். உன் சம்பாத்தியத்தில் உனக்கென்று வாங்கினால் தாராளமாகத் தார் வாங்கு, நான் வந்து பொட்டு வைக்கிறேன். என் பணமும் சேர வேண்டுமென்றால், நான் யார் கையையும் பிடிக்காமல் ஏறுகிற வண்டியாக இருக்க வேண்டும். அவளையும் கேட்டு முடிவு செய்.

இரண்டு நாளாகச் சரியாகப் பேசவில்லை. பேசுவான். அந்த நோட்டு இன்னும் அவன் மேஜை மேல்தான் இருக்கிறது.