வினைச்சொல்லைத் தனியாக விடாதீர்கள்!

இந்த முறை சுவரில் ஒரு சண்டை போடலாம்னு இருக்கேன். பயப்படாதீங்க, சண்டை யாரோடும் இல்லை. நாம் ஆங்கிலம் படிக்கும் முறையோடுதான்.

நம் எல்லோரிடமும் ஒரு 'மீனிங் நோட்டு' இருக்கிறது. இடது பக்கம் ஆங்கில வார்த்தை, வலது பக்கம் தமிழ் அர்த்தம். லுக் என்றால் பார். வெயிட் என்றால் காத்திரு. எக்ஸ்ப்ளெயின் என்றால் விளக்கு. வருடம் முழுக்க எழுதுகிறோம், ஒப்பிக்கிறோம். ஆனால் "எனக்காகக் கொஞ்சம் காத்திரு" என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் பலர் வாய் திறப்பதில்லை. வெயிட் தெரியும், மீ தெரியும். நடுவில் என்ன போடுவது? டுவா, ஃபாரா, ஒன்றுமே வேண்டாமா? வண்டி அங்கேதான் நின்று போகிறது.

என் கருத்து இதுதான். வினைச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்வது பாதி வேலை. அதோடு எந்தக் குட்டிச்சொல் வரும் (டு, ஃபார், அட், ஆஃப், அப் மாதிரி), மீ, ஹிம், இட் போன்ற பிரதிப்பெயர் எந்த இடத்தில் உட்காரும், இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் அது முழு வேலை.

இது ஏன் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது? காரணம் நம் மண்டையில் இல்லை, மொழியில் இருக்கிறது. தமிழ் வகுப்பில் எட்டு வேற்றுமை படிக்கிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று உருபு எல்லாம் பெயர்ச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. அதனால் "அம்மா தம்பியைக் கூப்பிட்டாள்" என்றாலும் "தம்பியை அம்மா கூப்பிட்டாள்" என்றாலும் கூப்பிட்டது அம்மாதான். ஆங்கிலத்தில் இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் போட்டால் தம்பி அம்மாவைக் கூப்பிட்டதாகிவிடும்! ஆங்கில வார்த்தையைக்கூட நாம் விடுவதில்லை. ஃபேனை, பஸ்ஸுல, ஸ்கூலுக்கு, மிஸ்கிட்ட என்று நம்ம வாலை அதற்கும் ஒட்டிவிடுகிறோம்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு இப்படி வால்கள் இருந்தன. பல நூறு வருடங்களில் அவை தேய்ந்து விழுந்துவிட்டன. 'டீச்சர்ஸ் புக்' என்பதில் வரும் ஸ் தப்பித்தது. பிரதிப்பெயர்களில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது: ஐ – மீ, ஹீ – ஹிம், வீ – அஸ், தே – தெம். வால் விழுந்ததும் அதன் வேலையை யார் செய்வது? சொற்களின் வரிசையும் அந்தக் குட்டிச்சொற்களும்தான் செய்கின்றன. ஆகவே டு, ஃபார், அட் எல்லாம் அலங்காரம் இல்லை. நம் ஐ, கு, ஆல் மாதிரி முதுகெலும்பு.

சரி, 'கு' வந்தால் 'டு' போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாற்றம். "எனக்குச் சொல்லு" என்றால் டெல் மீ. டு கிடையாது. "எனக்கு விளக்குங்க" என்றால் எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ. டு கட்டாயம். "கிவ் மீ த புக்" சரி, "கிவ் த புக் டு மீ" என்பதும் சரி. அதைப் பார்த்து "எக்ஸ்ப்ளெயின் மீ த சம்" என்றால் தப்பு. "என்கிட்ட கேளு" என்றால் ஆஸ்க் மீ. "நான் சொல்றதைக் கேளு" என்றால் லிசன் டு மீ. தமிழில் இரண்டும் கேள்தான். "என்னைப் பாரு" என்றால் லுக் அட் மீ, "பாட்டியைப் பார்த்துக்கோ" என்றால் லுக் ஆஃப்டர் ஹெர், "பேனாவைத் தேடு, அதைத் தேடு" என்றால் லுக் ஃபார் இட். லுக் ஒன்றுதான், பின்னால் வரும் குட்டிச்சொல் மாறினால் வேலையே மாறிவிடுகிறது. மீனிங் நோட்டில் 'லுக் – பார்' என்று மட்டும் எழுதி வைத்தால் இதில் எது கிடைக்கும், சொல்லுங்கள்?

அடுத்தது பிரதிப்பெயர் உட்காரும் இடம். "ஃபேனை ஆஃப் பண்ணு" என்பதற்கு டர்ன் ஆஃப் த ஃபேன் என்றும் சொல்லலாம், டர்ன் த ஃபேன் ஆஃப் என்றும் சொல்லலாம். ஆனால் ஃபேனுக்குப் பதில் இட் போட்டால் ஒரே வழிதான்: டர்ன் இட் ஆஃப். "டர்ன் ஆஃப் இட்" வராது. அப்படியானால் எப்போதும் இட் நடுவில்தானா? அதுவும் இல்லை. லுக் அட் இட் என்பதை "லுக் இட் அட்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? இரண்டு வாக்கியம் பாருங்கள். "ரோல் அப் த மேட்" என்றால் பாயைச் சுருட்டு. "க்ளைம் அப் த ட்ரீ" என்றால் மரத்தில் ஏறு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் முதலாவதில் அப் என்பது ரோலுக்குச் சொந்தம். ரோல் அப் சேர்ந்துதான் சுருட்டு. அதனால் இட் நடுவே புகுந்து ரோல் இட் அப் ஆகிறது. இரண்டாவதில் அப் என்பது மரத்தோடு சேர்ந்தது. 'மரத்தின் மேலே' என்பது ஒரு கட்டு. அந்தக் கட்டு பிரியாது, ஆகவே க்ளைம் அப் இட். குட்டிச்சொல் வினையின் வீட்டுப் பிள்ளையா, பெயரின் வீட்டுப் பிள்ளையா என்று கேட்டுப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். இட் போட்டுப் பார்ப்பதுதான் அதற்கு நல்ல சோதனை.

இதை நான் புதுசாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏ.எஸ். ஹார்ன்பி என்பவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்காக அவரும் அவருடைய தோழர்களும் தயாரித்த அகராதி 1942-ல் ஜப்பானில் வெளிவந்தது. 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அதை வெளியிட்டது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி என்று சொல்கிறோமே, அதன் ஆரம்பம் அதுதான். ஒரு வினை எந்த அமைப்பில் வரும் என்பதையும் அர்த்தத்தோடு சேர்த்துக் காட்டியது அதன் பெருமை. இன்றைய பதிப்பில் டர்ன் ஆஃப் போன்றவற்றில் இரண்டு பக்கமும் முனை உள்ள ஒரு அம்புக்குறி இருக்கும். பெயர்ச்சொல் முன்னாலும் வரலாம், பின்னாலும் வரலாம் என்று அர்த்தம். அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடாமல், அந்த அம்பையும் பாருங்கள்.

"இதெல்லாம் பேசப் பேசத் தானா வந்துடும்" என்று சிலர் சொல்வார்கள். வீட்டில் ஆங்கிலம் காதில் விழுகிறவர்களுக்கு வரலாம். வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசுகிற நமக்கு எங்கிருந்து தானாக வரும்? "பரீட்சையில் ஒரு மார்க் ப்ளாங்க்தானே" என்பார்கள் இன்னும் சிலர். அந்த ஒரு மார்க் போனால் போகட்டும். நாளைக்கு ஒரு வேலைக்கோ கல்லூரிக்கோ நேர்காணலில் உட்கார்ந்து, விஷயம் தெரிந்தும் 'டு போடுவதா வேண்டாமா' என்று பயந்து ஒருவன் பேசாமல் வந்தால், அந்த நஷ்டம் ஒரு மார்க்கா?

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாராவது "எக்ஸ்ப்ளெயின் மீ" என்றால் சில பேர் உடனே சிரிக்கிறார்கள். சிரிக்க அதில் என்னப்பா இருக்கு? தமிழின் 'எனக்கு' என்ற ஒழுங்கைத்தான் அவர் ஆங்கிலத்துக்குக் கொண்டு போயிருக்கிறார். அது அறிவு இல்லாததன் அடையாளம் இல்லை, இன்னொரு மொழி நன்றாகத் தெரியும் என்பதன் அடையாளம். சிரித்தால் அவர் அடுத்த முறை பேசவே மாட்டார். மெதுவாக "டு மீ" என்று எடுத்துக் கொடுத்தால் அடுத்த முறை சரியாகச் சொல்வார்.

ஆகவே நண்பர்களே, இன்றைக்கே மீனிங் நோட்டில் ஒரு மாற்றம் செய்யுங்கள். 'வெயிட்' என்று எழுதாதீர்கள், 'வெயிட் ஃபார் மீ' என்று எழுதுங்கள். 'லிசன்' வேண்டாம், 'லிசன் டு ஹிம்'. 'ஸ்விட்ச் ஆஃப்' வேண்டாம், 'ஸ்விட்ச் இட் ஆஃப்'. ஒரு நாளைக்கு ஐந்து போதும். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிக்டேஷன் தரும்போது ஒற்றை வார்த்தைக்குப் பதில் இப்படி மூன்று வார்த்தைக் கட்டாகத் தாருங்கள். கஷ்டமான ஸ்பெல்லிங் ரெண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

நான் சொல்வது தப்பு என்று நினைக்கிறவர்கள் அடுத்த இதழுக்கு எழுதிக் கொடுங்கள். இதே சுவரில் சந்திப்போம்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு