அடுத்த சிஸ்டருக்குச் சொல்ல நேரம் வேண்டும்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பெண் வலியோடு படுத்திருக்கும்போதே டியூட்டி மாறும். "நல்லாத்தான் இருக்காங்க, பார்த்துக்குங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது எளிது. கருப்பை வாய் எத்தனை மணிக்கு எத்தனை சென்டிமீட்டர் விரிந்திருந்தது, பனிக்குடம் எப்போது உடைந்தது, நீர் தெளிவாக வந்ததா, பச்சையாக வந்ததா என்பதைச் சொல்லாமல் போனால், வருகிறவர் முதலிலிருந்து கணிக்க வேண்டும். பிரசவம் இழுத்துக்கொண்டே போவது அவர் கண்ணுக்குத் தெரியாது.

அதைக் கண்ணுக்குக் காட்டத்தான், பிரசவம் முன்னேறுவதை நேரத்தோடு குறித்துவைக்கும் பார்ட்டோகிராஃப் என்ற தாள் இருக்கிறது. தொலைவிலுள்ள சிறு மருத்துவமனைகளில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள், தாயை எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று தாமே முடிவெடுக்க உதவும் கோட்டை, அன்றைய ரொடீசியாவில் ஃபில்பாட், காசில் என்ற மருத்துவர்கள் 1972இல் அந்தத் தாளில் வரைந்தார்கள். இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்தில் 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் இம்முறையை உலக சுகாதார நிறுவனம் சோதித்தது. நீடித்த பிரசவங்கள் 6.4 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்ததாக 1994இல் முடிவு வெளியானது.

நம் ஊரிலோ பல இடங்களில் குழந்தை பிறந்த பிறகுதான், கேஸ் ஷீட்டில் குறை இருக்கக் கூடாதே என்று அந்தத் தாளை நிரப்புகிறார்கள். செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசவம் பார்ப்பதும் அவரே, ரெஜிஸ்டர் எழுதுவதும் அவரே, கணினியில் ஏற்றுவதும் அவரே. மேலிடத்துக்குப் போகவேண்டிய கணக்கு ஒரு நாள் தாமதமானால் கேட்க ஆள் உண்டு. அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரிடம் என்ன சொன்னீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது, தகவல் சொல்வதில் உள்ள இந்த இடைவெளி உயிரோடு விளையாடும். கர்ப்பகால வலிப்பு வந்த பெண்ணுக்குப் பிட்டத்தின் இரு பக்கமும் 5 கிராம் வீதம் மக்னீசியம் சல்பேட் போட்டு 108இல் ஏற்றுகிறார்கள். சீட்டில் 'மேல்சிகிச்சைக்காக' என்று மட்டும் இருந்தால், அங்கே அவளை வாங்கிக்கொள்ளும் செவிலியர் என்ன செய்வார்? மருந்தை மறுபடி கொடுத்து அளவு மிஞ்சினால் மூச்சு அடங்கலாம். கொடுக்காமல் விட்டால் வலிப்பு திரும்பலாம். மருந்து, அளவு, நேரம், ரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் வண்டி கிளம்பும்போதே போனில் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

2018-20 கணக்குப்படி தமிழகத்தில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குத் தாய் இறப்பு 54. அகில இந்திய அளவில் 97. பெருமைப்பட வேண்டிய உழைப்பு இது. ஆனால் ஏறத்தாழ எல்லாப் பெண்களும் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் மாநிலத்தில், மிச்சமுள்ள மரணங்களைக் குறைக்க ஆஸ்பத்திரிக்குள்ளும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு இடையிலும் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். இரு ஷிஃப்டுகளும் அரை மணி நேரமாவது சேர்ந்திருக்கும்படி டியூட்டி போட்டு, அதை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். கணினிப் பதிவுக்குத் தனி ஆள் வேண்டும். அனுப்பிவைத்த தாய்க்கு என்ன ஆயிற்று என்று பெரிய ஆஸ்பத்திரி அந்த ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியருக்கே திரும்பச் சொல்ல வேண்டும். தான் அனுப்பியது சரியான நேரத்தில்தானா என்பது, இன்று பெரும்பாலும் அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது.