பணிவிடை செய்வோருக்கு ஓய்வு நாள் இல்லையா?

தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு. அது முதலாளியின் தயவினால் வந்ததன்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவினால் வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதை நன்கறிவோம். ஆனால், பாரிச வாயுவினால் விழுந்து கிடக்கும் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டி, துடைத்து, இரவெல்லாம் விழித்திருக்கும் மருமகளின் பெயர் எந்தப் பெரட்டிலும் ஏறுவதில்லை. அவளுக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. இது என்ன நியாயம்?

கேட்டால், "அது கடமையல்லவா, புண்ணியமல்லவா" என்று உபதேசம் செய்ய வந்துவிடுகிறார்கள். இவ்வுபதேசிகளில் எத்தனை பேர் ஒரே ஓர் இரவேனும் மலச்சட்டி எடுத்தவர்கள்? புண்ணியம் முழுவதும் பெண்மக்களுக்கு, உறக்கம் முழுவதும் ஆண்மக்களுக்கு என்று பங்கு போட்ட தர்மம் எந்தத் தர்மம்? அன்பு என்ற பெயரால் ஒருத்தியின் முதுகெலும்பை முறிப்பது அன்பாகாது, கூலியில்லாத அடிமைத்தனமேயாகும்.

நிற்க, சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடப்போரைப் பராமரிப்பவருக்குச் சமூகநல இலாகா அளிக்கும் உதவித் தொகை, 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. நல்லதே. ஆயினும் நாளொன்றுக்கு அது 17 வெள்ளிகூட ஆகாது. அணையாடைக்கும் பால்மாவுக்குமே கரைந்து போகும். 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமோ 1,700 வெள்ளி. அதை 26ஆல் வகுத்தால் நாட்கூலி 65 வெள்ளிக்குச் சற்று மேல். வாரம் ஒரு நாள் மாற்றாள் வைப்பதற்கே மாதம் 260 வெள்ளிக்கு மேல் வேண்டும். அந்தப் பணத்துக்கு அவள் எங்கே போவாள்?

ஆகவே, ஓய்வுக்கென்றே தனிப் பணம் ஒதுக்க வேண்டும் என்கிறோம். இது ஆகாத காரியமன்று. ஜெர்மனியில் 1995இல் ஏற்பட்ட பராமரிப்புக் காப்புறுதி, வீட்டார் ஓய்வெடுக்கும் நாட்களில் மாற்றாள் வைக்கவும் பணம் கொடுக்கிறது. 2025 ஜூலை முதல், மாற்றாளுக்கும் நோயாளியைச் சில வாரம் விடுதியில் வைப்பதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 3,539 யூரோ வரை பெறலாம். அந்நாட்டுப் பிள்ளைகளெல்லாம் பெற்றோரிடம் அன்பற்றவர்களா?

"கூலிக்கு வந்தவர் பெற்ற மகளைப் போல் பார்ப்பாரா?" என்பர் சிலர். பயிற்சி பெற்றவரை வையுங்கள், நன்றாகவே பார்ப்பார். நாம் கேட்பது மகளுக்குப் பதிலாக ஒருவரையன்று. மகள் ஒரு நாள் உறங்கி எழுவதற்காக ஒருவரை. "பணத்தைச் சுருட்டிவிடுவார்கள்" என்பர் வேறு சிலர். பதிவு செய்த மாற்றாளுக்கே, உழைத்த நாளுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். ஆயிரம் பேருக்குச் செக்ரோல் எழுதத் தெரிந்த நாட்டில் இது முடியாதா? "செலவாகுமே" என்பர் இன்னும் சிலர். பார்ப்பவளும் படுக்கையில் விழுந்தால் நோயாளி இருவர். அப்பொழுது செலவு குறையுமா?

இயந்திரத்தையும் நிறுத்தி எண்ணெய் விடுகிறோம். மனுஷிக்கு அதுவும் இல்லையா? தோழர்களே! உங்கள் சங்கங்களிலே தீர்மானம் போடுங்கள். தொகுதிப் பிரதிநிதியிடம் கேளுங்கள். அதுவரை காத்திராமல், வருகிற ஞாயிறன்று உங்கள் வீட்டு நோயாளியின் பக்கத்தில் நீங்களே உட்காருங்கள்.