கூரை மேய்ஞ்சாச்சா?

"மழை வரப்போகுது, கூரை மேய்ஞ்சாச்சா?"

குறிஞ்சிப்பாடி பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டி இப்படிக் கேட்டால், லீவுக்கு வந்த பேரப்பிள்ளை மாட்டைத்தான் தேடும். மேய்வது மாடுதானே!

இந்த 'மேய்' வேறு. 'வேய்' என்ற பழைய சொல்தான் பேச்சில் 'மேய்' ஆகியிருக்கிறது. கீற்று, பனையோலை, வைக்கோல், கரும்புத் தோகை என்று கையில் கிடைப்பதைக் கொண்டு கூரையை மூடுவது வேய்தல். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனிலேயே 'மேய்தல்' என்பதற்கு இந்தப் பொருளும் இருக்கிறது. ஆகவே பாட்டியை யாரும் திருத்த வேண்டாம்.

'வேய்' என்றால் மூங்கிலும்தான். வேய்ங்குழல் அப்படி வந்த பெயர். பூ வேய்தல் என்றால் பூச்சூடுதல். வீட்டின் தலையில் ஓலையைச் சூட்டுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

வேலையிலும் கணக்கு இருக்கிறது. மூங்கில் வரிச்சில் கீற்றை வைத்துக் கட்டும்போது கீழே தாழ்வாரத்தில் ஆரம்பித்து மேலே மோட்டில் முடிக்க வேண்டும். அப்போதுதான் மேல் கீற்று கீழ்க் கீற்றின் மேல் படியும், தண்ணீர் வழிந்தோடும். மாற்றிக் கட்டினால் மழை வீட்டுக்குள்தான். எப்படிக் கட்டினாலும் சில வருடங்களில் கீற்று மக்கிவிடும், மறுபடி மேய வேண்டும்.

சொல் ஏழைக் குடிசைக்கு மட்டும் உரியதல்ல. இதே மாவட்டத்துச் சிதம்பரத்தில், நடராஜர் சன்னதிக்குப் பொற்கூரை அமைத்த முதலாம் பராந்தக சோழனை (907-955) 'பொன் வேய்ந்த' சோழன் என்றுதான் சொல்கிறோம். பொன்னுக்கும் கீற்றுக்கும் ஒரே வினைச்சொல்.

2011 டிசம்பர் 30 அதிகாலை 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. பலா, முந்திரியோடு கூரைகளும் பறந்தன. குடிசை இழந்தவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்ட அரசுத் திட்டம் வந்தது. 2024-இல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் வீடுகள் என்பது இலக்காக இருந்தது, வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். கான்கிரீட் தளத்தை யாரும் மேய்வதில்லை, 'போடுகிறார்கள்'. ராத்திரி மழையில் பாத்திரம் பாத்திரமாக வைத்து ஒழுகலைப் பிடித்த குடும்பத்திடம் போய், ஒரு சொல் போகிறதே என்று வருத்தப்பட முடியுமா?

இன்றைக்கு அந்தச் சொல் அதிகம் காதில் விழுவது டீக்கடைக் கொட்டகையில், மாடியில் போடும் கீற்றுப் பந்தலில். அப்புறம், மாட்டுக் கொட்டகையில்!